படகிலிருந்து அனுப்பிய பதில்

அந்தமானுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். மைசூரு விஜயநகரில் ஒரே பள்ளியில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிற மூன்று ஆசிரியைகள் நாங்கள். வீட்டுக்காரர், பிள்ளைகள் இல்லாமல் ஒரு தடவையாவது எங்காவது போக வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிப் பேசி, ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஐந்து நாளுக்குப் பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஓட்ட ஒருவர், சமைக்க ஒருவர், நாங்கள் மூவர். தீவு தீவாகப் போய், படகிலேயே தங்குவதாகத் திட்டம்.

எங்களில் கணக்கு டீச்சர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோபிநத்தத்துக்காரி. அவளுடைய அப்பா ஊரில் தம்பியோடு இருந்தார். அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று கிளம்புவதற்கு முந்தைய வாரம் தயங்கினாள். "அஞ்சு நாள்தானே" என்று நான்தான் வற்புறுத்தினேன். என்னுடைய போனுக்குத்தான் அங்கே சிக்னல் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, என் நம்பரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஒரு சின்னத் தீவை ஒட்டி நங்கூரம் போட்டிருந்தோம். கணக்கு டீச்சர் சமையல்காரரோடு தண்ணீரில் இறங்கிப் பவளப்பாறை பார்த்துக்கொண்டிருந்தாள். என் போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. கூடவே தம்பியின் செய்தியும். விடியற்காலையில் அப்பா போய்விட்டார். அக்கா எப்போது வருவாள், அவளுக்காக வைத்திருக்கட்டுமா, உடனே சொல்லுங்கள் என்று கேட்டிருந்தான்.

படகோட்டி ராமநாதபுரத்துக்காரர். விஷயத்தைச் சொல்லி, திரும்பிப் போக முடியுமா என்று கேட்டேன்.

"இப்பவே கெளம்புனா பொழுது சாயுறதுக்குள்ள கரை சேத்துருவேன். காத்து எதுத்தாப்புல இருக்கு, இன்ஜினப் போட்டுக்கலாம்" என்றார்.

சயின்ஸ் டீச்சர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி கன்னடம் இருக்கும். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

"போயி ஏனு பிரயோஜனா? காலைல ஃப்ளைட் புடிச்சாலும் ஊர் போய்ச் சேர நாளைக்குப் பொழுது போயிடும். அதுவரைக்கும் வெச்சிருப்பாங்களா? தம்பி இருக்கான், காரியமெல்லாம் அவன் பண்ணிடுவான். பிடு, விட்டுடு, கடைசி நாள் சொல்லிக்கலாம். இப்ப சொன்னா இந்தத் தண்ணி நடுவுல உக்காந்து அழுதுட்டே இருப்பா, பாவம்."

அவள் சொன்னது எனக்குச் சரி என்று பட்டது. சரி என்று பட வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். மறுநாள் போகவிருந்த பெரிய தீவுக்காகத்தான் நான் அந்தப் பயணத்துக்கே ஆசைப்பட்டேன். சிக்னல் போவதற்குள் தட்டினேன்: "அக்காவால் வர முடியாது. காத்திருக்க வேண்டாம்."

வெளியே வந்து, திரும்ப வேண்டாம் என்று படகோட்டியிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, தண்ணீரில் இருந்தவர்கள் ஏறியதும் அடுத்த தீவுக்குக் கிளம்ப நங்கூரக் கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.

அன்று மதியம் அவர் கணக்கு டீச்சரைச் சுக்கான் பிடிக்கச் சொன்னார். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாய் புடைத்துப் படகு சாய்ந்தபோது பயந்து, பிறகு சிரித்தாள். "எங்கப்பங்கிட்டச் சொன்னா நம்பவே மாட்டாரு. காவேரில பரிசல் ஏறுறதுக்கே என் கையப் புடிச்சுக்குவாரு" என்றாள். சயின்ஸ் டீச்சர் போட்டோ எடுத்தாள். நான் குமட்டுகிறது என்று சொல்லிவிட்டுக் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். பெரிய தீவுக்குப் போனோம். அங்கே என்ன பார்த்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

கடைசி நாள் துறைமுகத்தில் இறங்கிய பிறகு சொல்வதாக இருந்தோம். ஆனால் கரை தெரிந்ததுமே அவள் போனுக்கு உயிர் வந்துவிட்டது. செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவள் எல்லாவற்றையும் கடைசி வரை படித்தாள். தம்பி என் பதிலையும் அனுப்பியிருந்தான்.

"கொள்ளி வெக்கறதுக்குத்தான் நான் வேண்டாம்" என்றாள் என்னைப் பார்த்து. "மொகம் பாக்கோணும்ல. என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கோணும்ல."

சத்தம் போடவில்லை. சயின்ஸ் டீச்சர் ஏதோ சொல்ல வந்தபோது கையை மட்டும் உயர்த்தித் தடுத்தாள்.

பெங்களூரில் இறங்கிக் காரில் கிளம்பினோம். நாங்களும் ஏறிக்கொண்டதை அவள் தடுக்கவில்லை. கொள்ளேகால் தாண்டி, மலை இறங்கி, அவள் ஊருக்குப் பாதை பிரிகிற பாலாறு செக்போஸ்ட்டில் கார் நின்றபோது தம்பி மொட்டைத் தலையோடு பைக்கில் காத்திருந்தான். என்னைப் பார்த்ததும், "ரொம்ப உபகாரமுங்க, அன்னைக்கு உடனே பதில் போட்டீங்க" என்றான். அவளால் வர முடியவில்லை என்றே அவன் நினைத்திருந்தான். அவள் அதைத் திருத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "நீங்க திரும்பிக்கங்க" என்று சொல்லிப் பைக்கின் பின்னால் ஏறினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடித்துப் பள்ளிக்கு வந்தாள். இப்போதும் மூவரும் அதே ஸ்டாஃப் ரூமில்தான் உட்கார்கிறோம். பரீட்சை, பாடவேளை பற்றிப் பேசிக்கொள்கிறோம். என்னை 'நீ' என்று கூப்பிட்டவள் 'நீங்க' என்கிறாள். காலப்போக்கில் சரியாகிவிடும் என்கிறாள் சயின்ஸ் டீச்சர்.

போன மாதம் விடைத்தாள் திருத்தும்போது நானும் கணக்கு டீச்சரும் மட்டும் இருந்தோம். தலை நிமிராமல் கேட்டாள்: "அந்தப் பதில அனுப்பறதுக்கு முந்தி எவ்வளவு நேரம் யோசிச்சீங்க?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.