தானாகச் செய்வாளா

பாப்பாவுக்கு வயது இருபத்துமூன்று. அம்மா, ஒரு பைண்டிங் கடையில் அச்சடித்த தாள்களை மடித்து அடுக்குகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். மகளுக்கு விவரம் போதாது என்பது நாலு வயதிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சை அவள் வீட்டு வாசற்படி ஏற விட்டதில்லை. பொத்தானை மாற்றிப் போட்டாலும், சோப்பு வாங்கப் போய் மெழுகுவத்தியோடு வந்தாலும், "பரவால்ல, உனக்கு வரும்" என்பாள்.

போன வருடம் அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு பழுது என்றார் டாக்டர். தனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்ற கவலை அன்று பிடித்துக்கொண்டது. இவளைப் போன்ற பெண்களுக்குத் தங்க இடமும் கைவேலையும் தரும் இல்லம் ஒன்று இருந்தது. சேர வேண்டுமானால் உளவியலாளரின் அறிக்கை வேண்டும்.

பரீட்சை என்றுதான் பாப்பாவிடம் சொல்லியிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையும் கையில் இரண்டு பேனாவுமாகப் பாப்பா கிளம்பினாள். பஸ்ஸில் நூறுவரை எண்ணிக்கொண்டே வந்தாள். அறுபதுக்கு மேல் அடிக்கடி வழி தவறியது.

உளவியலாளர் அவளைத் தனியாக ஒன்றரை மணி நேரம் சோதித்தார். வெளியே வந்தபோது பாப்பாவின் முகமெல்லாம் பூரிப்பு.

"கலர் கட்டையெல்லாம் அடுக்கினேன்மா. நம்பரைத் தலைகீழா சொல்றதுதான் கஷ்டம். பாஸாயிருவேன்ல?"

"ஆயிருவடா."

அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அம்மா உள்ளே போனாள். நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு, கூரைவரை எட்டவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

"குளிக்கிறது, டிரெஸ் போடறதெல்லாம் பாப்பா செய்வாளா?"

"செய்வா மேடம்."

"அடுப்பு பத்த வைக்கிறது?"

"செய்வா."

உளவியலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நீங்க பக்கத்துல நிக்காம, ஞாபகப்படுத்தாம, தானா செய்வாளான்னு கேக்கறேன்."



"மாட்டா."

அந்த ஒரு சொல்லோடு, இருபது வருடம் அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. கேட்காததையும் சொன்னாள். மாதாமாதம் அந்த நாட்களில் தானே எல்லாம் பார்க்க வேண்டியிருப்பதை. பஸ்ஸில் எவனோ கையைப் பிடித்தபோது மகள் சிரித்துக்கொண்டு நின்றதை. "நான் இல்லைன்னா நாலு நாள் தாங்க மாட்டா மேடம். ஒண்ணும் தெரியாது அவளுக்கு."

அம்மா வெளியே வந்தபோது பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சையைப் பற்றி அவள் மறுபடி கேட்கவே இல்லை.

மறுநாள் காலை பல் தேய்க்கச் சொன்னதற்கு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "எனக்குத் தானா வராதும்மா" என்றாள், கோபமே இல்லாமல்.

அம்மா அன்றே உளவியலாளரிடம் ஓடினாள். "வெளியே பெஞ்சுல இருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருக்கு. நான் சொன்னதை மாத்திக்கலாமா மேடம்?"

"நீங்க பொய் எதுவும் சொல்லலையேம்மா. பெஞ்சை அங்க போட்டு வெச்சதுதான் தப்பு. அது என் தப்பு." அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அறிக்கையில் மாற்ற ஒன்றும் இல்லை.

இல்லத்தில் இடம் கிடைத்தது. ஞாயிறுதோறும் அம்மா போய்ப் பார்த்தாள். மூன்றாவது வாரம் வார்டன் அவளை ஓரமாக அழைத்தார்.

"இங்க அவளே குளிக்கறா, துணி மடிக்கறா, சின்னவங்களுக்குத் தலைகூட வாரி விடறா. நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் ஒண்ணும் செய்யாம உக்காந்துடறா. என்னன்னு புரியல."

அம்மா உள்ளே போனாள். பாப்பா தலைமுடி கலைந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சீப்பு.

"உனக்கு வாரத் தெரியுமாமேடா. வார்டன் சொன்னாங்க."

பாப்பா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும். ஆனா நீ இருக்கும்போது செஞ்சா, மேடம்கிட்ட நீ சொன்னது பொய்யாயிரும்லம்மா. உன்னைத் திட்டுவாங்க."

சீப்பை எடுத்து அம்மாவிடம் நீட்டிவிட்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். அம்மா வாரத் தொடங்கினாள். சிக்கு எதுவும் இல்லை; ஆனாலும் கை நகர வெகுநேரம் பிடித்தது.