அத்தானின் தரைக்கிளி

என் காரின் டிக்கியில் ஒரு மடிப்புக் கதிரை கிடக்கிறது. துணி வெளுத்து, ஒரு கால் வளைந்து, உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும். எறிந்துவிடச் சொல்கிறாள் மகள். கடைச் சாமான் வைக்க இடமில்லாமல் நானும் அதைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் எறியவில்லை. அது அத்தானின் கதிரை.

அத்தான் என் அக்காவின் கணவர். அக்கா இறந்த பிறகு சிட்னியில், பிளாக்டவுனில் எங்கள் வீட்டுப் பின் அறையில் இருந்தார். போரில் செல் குண்டு விழுந்த சத்தத்தில் இடது காது ஊரிலேயே போய்விட்டது. இந்த நாட்டில் அவருக்குப் பிடித்துப்போனது, கண்ணில் படவே படாத ஒரு பறவை.

சிட்னிக்குத் தெற்கே, மலைமேட்டில், இடுப்பளவுப் புதரும் கோரைப்புல்லும் மண்டிய வெளி ஒன்று இருக்கிறது. அங்கேதான் தரைக்கிளி வாழ்கிறது. கிளி என்றால் நமக்கு மரப்பொந்தும் கொய்யாப்பழமும். இதுவோ மரத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. புதருக்கடியில் நடந்து திரிந்து, விதை பொறுக்கித் தின்று, நிலத்திலேயே முட்டையிடும். பச்சை உடம்பெல்லாம் கறுப்பும் மஞ்சளுமாக வரி. காலடியில் நின்றாலும் தெரியாது. மிதிபடப் போகிற கடைசிக் கணத்தில் எழும்பி, தாழப் பறந்து, மறுபடி புதருக்குள் விழுந்து மறையும். நரியும் பூனையும் நெருப்பும் விட்டுவைத்தது கொஞ்சம்தான். பொழுதுபட்டதும் சிறிது நேரம் மெல்லிய விசில்போலக் கத்தும். படிப்படியாக உயர்ந்து போய்ச் சட்டென்று அறுந்துவிடும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அது இருக்கிறதா இல்லையா என்று முடிவுகட்டுகிறார்கள். அதற்காகத் தன்னார்வலர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து காது கொடுப்பார்கள். அத்தானும் அவர்களில் ஒருவர்.

அவருக்குக் கார் ஓட்ட வராது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி வேலை முடித்து, கால் கடுக்க, சீருடையோடு நான்தான் கூட்டிப்போக வேண்டும். காணக் கிடைக்காத கிளிக்கு இத்தனை அலைச்சலா என்று வழியெல்லாம் புறுபுறுப்பேன். "நீ காருக்கை படு பிள்ளை, நான் இருந்து கேக்கிறன்" என்பார்.

ஒருமுறை புறப்படும் அவசரத்தில், யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் தாயிடம் தொலைபேசியில், "அம்மா, கிளி தேடிப் போறன், பிறகு எடுக்கிறன்" என்றார். மறுமுனையில் மாமி போட்ட சத்தம் குசினிக்குள் நின்ற எனக்கே கேட்டது.

"எப்ப வந்தனீ? எனக்குச் சொல்லாமல் நேரை அங்கையோ போறாய்? தம்பியை ஆரும் கண்டவையாமோ?"

அவர்கள் வீட்டில் கிளி என்றால் கிளிநொச்சி. அத்தானின் தம்பி போரின் கடைசி மாதங்களில் அங்கேதான் காணாமல் போனான். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்து போனார்கள். மாமி மசியவில்லை. அத்தானுக்குத்தான் அலுத்துவிட்டது. "இவ்வளவு காலமாச் சத்தமில்லை. இல்லைத்தானே? எடுத்திடுவம்" என்று என்னிடம் சொல்லத் தொடங்கியிருந்தார்.

இது பறவை என்று அவர் விளக்கினார். "சரி, அந்தக் கிளியாவது கேட்டுதோ எண்டு சொல்லு" என்றார் மாமி. அன்று முதல் ஒவ்வொரு முறையும் அதையே விசாரிப்பார்.

ஒரு மாலை, காருக்குள் குளிர் தாங்காமல் நானும் இறங்கி அத்தானின் பக்கத்தில் நின்றேன். பொழுது பட்டது. புதருக்குள்ளிருந்து அந்த விசில் எழுந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும். அத்தான் தலையைச் சாய்த்தபடி காத்திருந்தார். கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக நின்ற பெண் வந்து கேட்டபோது, ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார்.

நான் அவருடைய வலது காதருகே குனிந்தேன். "அத்தான், கத்தினது. கிட்டத்தான்."

அவர் என்னையே பார்த்தார். திரும்பும் வழியெல்லாம் கார்க் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பியே இருந்தார். மிஞ்சியிருந்த காதுக்கும் மெல்லிய சத்தம் எட்டாமல் போனதை எண்ணி மனம் உடைந்துவிட்டார் என்று நினைத்தேன். பரமட்டா நகர வெளிச்சங்கள் தெரியத் தொடங்கியபோது வாயைத் திறந்தார்.

"அப்ப, அது கத்தியிருக்கு. எனக்குத்தான் கேக்கேல்லை."

அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம். செவிடாகிக்கொண்டிருக்கும் மனிதரின் சந்தோஷம். அதை என்னால் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைக்கவும் முடியாமல் காரை ஓட்டினேன். அதன் பிறகு அவர் தம்பியின் சான்றிதழைப் பற்றிப் பேசவேயில்லை.

போன குளிர்காலத்தில் அத்தான் காலமானார். அவருடைய மூலைக்கு ஆளில்லை என்று கணக்கெடுப்புக்குப் பொறுப்பான அந்தப் பெண் தொலைபேசியில் சொன்னபோது, மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்ற வாரம், மாமியிடம் சொல்லிவிட்டுப் போனேன். இப்போதும் அதே வேலை, அதே கால்வலி. வயது மட்டும் கூடிவிட்டது. சாய்ந்த கதிரையில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது நன்றாக இருட்டியிருந்தது. கேட்க வேண்டிய நேரம் முழுவதும் தூங்கியிருக்கிறேன். என் மேலேயே எரிச்சலாக வந்தது. அப்போது தொலைபேசி அடித்தது. மாமி.

"கிளி கேட்டுதே பிள்ளை?"

"தெரியேல்லை மாமி. நித்திரையாப் போனன்."

"அது கத்தியிருக்கும். நீ களைச்சுப் போனாய், வேறை ஒண்டுமில்லை" என்றார் மாமி. "மெதுவா ஓட்டிக்கொண்டு போ."

கதிரையை மடித்து டிக்கியில் வைத்தேன்.