ஒரு போட்டோவுக்காக உருகிய மூளை

அந்தப் படம் இன்னும் எங்கள் ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் தலைவர் வெள்ளைக் கோட்டில் சிரித்தபடி நிற்கிறார். அவர் கையிலுள்ள குப்பிகளில் இருப்பவை ஒரு குரங்கின் மூளைத் துண்டுகள்.

அந்தக் குரங்கை நான் பார்த்ததில்லை. நியூசிலாந்தில், ஆக்லாந்திலுள்ள எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் குரங்கு வளர்ப்பதில்லை. வெளிநாட்டுக் குழு ஒன்று அனுப்பும் மூளைத் துண்டுகளை ஆராய்கிறோம். எந்தப் படத்துக்கு எந்தப் படம் ஜோடி என்று அந்தக் குரங்கு அங்கே மாதக்கணக்கில் கற்றது. சரியாகத் தொட்டால் ஒரு சொட்டுப் பழச்சாறு. புதிய ஜோடி ஒன்று நினைவில் பதியும்போது மூளையில் எந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்பதுதான் எங்கள் கேள்வி. விழித்த மரபணு ஆர்.என்.ஏ. என்ற நகலை உருவாக்கும். அதைப் பிடிக்க, கற்ற கையோடு குரங்கைக் கொன்று மூளையை உறையவைக்க வேண்டும். தெரிந்துதான் இந்த வேலையில் இருக்கிறேன். போன உயிர் வீணாகக் கூடாது என்பது ஒன்றே நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

குளிர் போனால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். நேற்றுச் சேர்ந்தவருக்குக்கூட இது தெரியும்.

போட்டோ எடுத்த அன்று, நான் குடியிருக்கும் ஏவன்டேலிலிருந்து வரும் ரயில் தாமதம். நான் போனபோது குப்பிகள் மேசைமேல் வியர்த்துக் கிடந்தன. உடன் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண் கண்கலங்கி நின்றாள்.

“ஐஸ் புகை முகத்தை மறைக்குதெண்டு படம் எடுக்க வந்தவர் சொன்னவர் அக்கா. சார் ஐஸ் பெட்டியை அங்கால தள்ளிப்போட்டார். வெறும் குப்பியைப் பிடியுங்கோ எண்டும் சொன்னனான். கேக்கேல்லை.”

தண்ணீர்க் குப்பியைப் பிடித்திருந்தால் போட்டோவில் யாருக்குத் தெரியப்போகிறது? அவருக்கு அசல்தான் வேண்டுமாம்! சோதித்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

தலைவர் மதுரைக்காரர். நேராக அவர் அறைக்குப் போனேன்.

“எதுக்கும்மா இவ்வளவு டென்ஷன்? இன்னொண்ணு கேட்டா அனுப்பப் போறாங்க.”

“இன்னொண்ணுன்னா குரங்கு சார். குப்பி இல்ல.”

“ஆமா, தெரியும். நீ ரொம்ப எமோஷனலா பேசுற.”

சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அதற்காக இன்றுவரை வருத்தமில்லை. நடந்ததை அந்தக் குழுவிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், இருக்கும் முடிவுகளோடு நிறுத்திக்கொள்வோம், இன்னொரு உயிர் வேண்டாம் என்றேன். பேசுவதாகச் சொன்னார். நானும் நம்பினேன்.

அடுத்த வாரம் உற்சாகமாக என் மேசைக்கே வந்தார்.

“பேசிட்டேன்மா. வர்ற வழியில உருகிடுச்சுன்னு சொல்லிட்டேன். நம்ம நல்ல நேரம், இன்னொண்ணு ரெடியா இருக்காம். போனதைவிட நல்லா கத்துக்குதாம். இனி புதுசா ஒரே ஒரு ஜோடி காட்டினா போதுமாம்.”