போர்வைக்கடியில் ஒரு பேரம்

என் அப்பா வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். எண்பத்து மூன்று வயதிலும் வாரம் தவறாமல் சந்தைக்குப் போனவர், ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று ரத்தக்குழாயிலும் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வழியில்லை, பைபாஸ்தான் என்றார்கள்.

"இந்த வயசுல மாரைப் பொளக்கோணுமாக்கா? உட்ரலாம்" என்று தம்பி எகிறினான். நான் விடவில்லை. மாத்திரையை மட்டும் நம்பினால் கக்கூஸுக்கு நடக்கவே மூச்சு வாங்கும் என்று டாக்டர் சொன்னதை அவனும்தான் கேட்டான். எனக்குப் பொறுமை கம்மி. சண்டை போட்டு ஜெயித்தேன்.

டாக்டர் அப்பாவிடமே நேராகப் பேசினார். வழக்கமாக இதயத்தை நிறுத்திவிட்டு, மெஷின் வழியாக ரத்தத்தை ஓடவிட்டுத் தைப்பார்களாம். இவருக்கு இதயம் துடிக்கும்போதே, தைக்கிற இடத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு தைப்பதாகச் சொன்னார்.

"நிக்காத மாட்டுக்கு லாடம் அடிக்கற மாதிரிங்களா?" என்றார் அப்பா.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் மீதியைச் சொன்னார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயில் வயதானவர்களுக்குச் சுண்ணாம்பு படிந்திருக்கும். அதைத் தொட்டால் துகள் பெயர்ந்து மூளைக்குப் போய்விடலாம். அதனால் அதைத் தொடாமல், மார்புக்குள் இருக்கும் குழாய்களையே எடுத்து ஒட்டப் பார்ப்போம், ஆனாலும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "உசுரு போனாப் போகுது அம்மணி. புத்தி போயிருச்சுன்னா என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டு வராத."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே இல்லை. கையெழுத்தைப் போட்டேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இதயம் நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். மறுநாள் மயக்க மருந்தை நிறுத்தியும் அப்பா தெளியவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை கூரையில் நின்றது. வாயில் குழாய். மலையாளத்து நர்ஸ் குனிந்து, "அச்சா, என்றெ கை ஒந்நு அமர்த்திக்கே" என்று தன் கையை அழுத்தச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பாவின் கை அசையவில்லை. வயதானவர்களுக்கு நேரமாகும், பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். தம்பி கதவுக்கு வெளியே நின்றான். எனக்கு டீ வாங்கி வந்து நீட்டினான். அதற்கு அவன் திட்டியிருக்கலாம்.

சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போட்டு, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரலோ அத்தனை ஆயிரம். சின்ன வயதில் நானும் அப்பாவிடம் அப்படித்தான் வளையல் கேட்பேன். மூன்று விரலைப் பிடித்தால் மூன்று ஜோடி. அவர் ஒருநாளும் கேட்டதைக் கொடுத்ததில்லை. என் விரலில் இரண்டைத்தான் பிடிப்பார்.

போர்வைக்குள் கையை நுழைத்தேன். சில்லென்று கிடந்த அவர் கையில் மூன்று விரலைப் பிடித்தேன்.

ஒன்றும் இல்லை. விடாமல் பிடித்திருந்தேன். "மதி சேச்சி, சமயம் கழிஞ்ஞு" என்று, போதும், பார்க்கிற நேரம் முடிந்தது என நர்ஸ் என் தோளைத் தொட்டாள். நான் நகரவில்லை.

அவர் கை மெல்லப் புரண்டது. என் விரல்களைத் தடவிக்கொண்டே வந்தது. இரண்டைப் பிடித்தது.

நான் விடுவேனா? மறுபடியும் மூன்றைப் பிடித்தேன். வெடுக்கென்று உதறிவிட்டார். பேரம் படியவில்லை என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான். "நெனவு இருக்குதாக்கா?"

"இருக்குதுடா. ரெண்டுக்கு மேல தரமாட்டேங்கறாரு" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதேன்.