ஏ ஷிப்ட் வாரம்

மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நான் காலை ஆறு மணிக்கே பள்ளிக்கூடத்தில் இருப்பேன். படிப்பில் அவ்வளவு ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அம்மாவுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஏ ஷிப்ட், அதாவது காலை ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ் எங்கள் பள்ளி வாசலில் வந்து நிற்கும். அப்பா இல்லை. அக்கம்பக்கத்து அறைகளில் எல்லாம் வெளியூர்ப் பையன்கள் குடியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பெண்ணை அங்கே தனியாக விட்டுப்போக அம்மாவுக்கு மனம் வராது. இன்று நானும் ஷிப்ட் பார்க்கிறேன். அந்த நேரத்துக்கு விழிக்க எனக்கு அலாரம் வேண்டியதில்லை.

"வூடு பூட்டிக்கீதுன்னு யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத, இன்னா?" என்று சொல்லிவிட்டு அம்மா பஸ் ஏறுவாள். நானும் வாயைத் திறந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் கணக்கு டீச்சர் மெயின் ரோட்டிலிருந்து நடந்து வருவார். அவரிடம் சாவி இருந்தது. கேட்டையும் வகுப்பையும் திறந்து நோட்டு திருத்த உட்காருவார். "சாப்டியா?" என்பார். சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்பேன். டிபன் மூடியில் இரண்டு இட்லி வரும். அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஆனாலும் அந்த அறையில் இருக்கப் பிடித்திருந்தது.

மற்ற இரண்டு வாரங்களில் நான் ஒன்பது மணிக்குப் போவேன். டீச்சரும் ஒன்பது மணிக்குத்தான் வந்தார். வாசல் பெட்டிக்கடைக்காரரிடம் விசாரித்தும் உறுதிசெய்துகொண்டேன். நான் சீக்கிரம் வரும் வாரம் மட்டும் அவரும் சீக்கிரம் வருகிறார். அப்படியென்றால் எனக்காகத்தானே? முதல் ரேங்க் எடுப்பவளுக்கே கிடைக்காதது எனக்குக் கிடைத்திருந்தது. தலைகால் புரியவில்லை.

காலாண்டு விடுமுறைக்குப் பிறகு வந்த ஏ ஷிப்ட் வாரம், திங்கட்கிழமை டீச்சர் ஒன்பது மணிக்குத்தான் வந்தார். செவ்வாயும் அப்படித்தான். பூட்டிய கேட்டருகே மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கோபம் கோபமாக அழுதேன். புதன்கிழமை மதியம் நேராகப் போய்க் கேட்டேவிட்டேன்.

"எங்க வூட்டுக்காரர ஒரகடம் கம்பெனில தெனமும் பகல் வேலையா ஜெனரல் ஷிப்ட்டுக்கு மாத்திட்டாங்கம்மா" என்றார் டீச்சர். "ஏ ஷிப்ட் வாரத்துல அவரு வேலைக்குப் போற வழியில என்ன எறக்கி வுட்டுட்டுப் போவாரு. அதான் அவ்ளோ சீக்கிரம் வந்துகினு இருந்தேன். இனிமே ஒம்போது மணி பஸ்தான்."

அவர் என் கன்னத்தைத் தொட்டார்.

"நான் தனியா உக்காந்திருப்பேன்னுதானே நீ தூக்கத்த வுட்டுட்டு வந்துகினு இருந்த? எனக்குத் தெரியும். அவ்ளோ காலையில எனக்கு எவ்ளோ தைரியமா இருந்துச்சு தெரியுமா? இனிமேலாவது நல்லா தூங்கு."

எனக்காக ஒருத்தர் வருகிறார் என்று நான் நம்பியதைப் போலவே, தனக்காக ஒருத்தி வருகிறாள் என்று அவரும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். என்னுடையது போய்விட்டது. அவருடையதையும் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆமா டீச்சர்" என்றேன்.

மறுநாள் கம்பெனி பஸ் போனதும் நான் கேட்டருகே உட்காரவில்லை. பள்ளிக்குப் பின்னாலிருந்த தண்ணீர் டேங்கின் மறைவில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒன்பது மணிக்கு டீச்சர் உள்ளே போவதைப் பார்த்த பிறகு, சுற்றிக்கொண்டு முன்பக்கமாக ஓடி வந்தேன்.

"நல்லா தூங்கினியா?" என்று கேட்டார்.

"தூங்கினேன் டீச்சர்" என்றேன்.