சாமிக்கு வைத்த வெல்லம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி அமாவாசைக்காகக் காரையார் காட்டுக்குள் இருக்கும் எங்கள் குலசாமி கோவிலுக்குப் போயிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், என் மாமனார், மூன்று பேர்தான். எல்லாரையும் போல இந்த முறை நாமும் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவோம் என்று தச்சநல்லூரிலேயே முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது வேறு யார், என் வீட்டுக்காரர்தான். மலையேறுகிறவர்களின் வீடியோக்களை மாதக்கணக்கில் பார்த்துவிட்டு முதுகுப்பை, கயிறு, கொக்கி என்று வாங்கிக் குவித்திருந்தார்.

அந்த வீடியோக்களில் கரடிக்குப் பயந்து சாப்பாட்டுப் பையை மரக்கிளையில் தொங்கவிடுவார்களாம். இவரும் புளியோதரை, இட்லி, பழம், மாமாவுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் கொடுக்க வைத்திருந்த குளுக்கோஸ் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்து, மருத மரத்துக் கிளையில் கயிற்றை வீசி உயரத்தில் ஏற்றிவிட்டார். குளுக்கோஸாவது கையில் இருக்கட்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பக்கத்துக் குடிலில் ஏரலில் இருந்து வந்த ஒரு குடும்பம். மகளுக்குப் பல வருடம் கழித்துக் குழந்தை பிறந்த நேர்த்திக்கடனுக்குப் பொங்கல் வைக்க வந்திருந்தார்கள். கல் கூட்டி அடுப்பு போட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், கொரங்குக்கு ஊஞ்சலா கட்டுதிய? நாங்கள்லாம் சோத்து மூட்டை பக்கத்துல ஒரு ஆள உக்கார வச்சிருவோம்."

இவருக்கு முகம் சுண்டிப்போனது. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பிவிட்டார். நாங்களும் பின்னால் போனோம்.

ஆற்றில் குளித்துத் திரும்பியதும் மாமா வழக்கம்போல இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடத் தயாராக உட்கார்ந்தார். ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். இவர் போய்க் கயிற்றை அவிழ்த்தார். கிழிந்த பைதான் இறங்கி வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கிளை நெடுகக் குரங்குகள். ஒன்று எங்கள் குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

கடைகள் எல்லாம் கோவில் பக்கம் இருந்தன. இவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினார். போன வேகத்தில் வந்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு இருந்த கூட்டம் அப்படி. மாமாவுக்கு வேர்க்க ஆரம்பித்தது. கை நடுங்கியது. என் பெயரை மாற்றிக் கூப்பிட்டார். செல்போனில் சிக்னலும் இல்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

"யாராவது கொஞ்சம் சீனி குடுங்களேன்" என்று நான் கத்தியதும் அந்த ஏரல் அம்மா எழுந்து வந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். உடனே திரும்பிப் போய், பொங்கலுக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த மண்டைவெல்லத்தை எடுத்தார். அவர்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கும்வரை அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

"ஏட்டி, படைக்கதுக்கு முந்தி தொடலாமா?" என்று அவர் கணவர் பதறினார்.

"சாமி பொறுத்துக்கிடும். இந்த அண்ணாச்சி பொறுப்பாவளா?"

அம்மிக்குழவி போல ஒரு கல்லை எடுத்து வெல்லத்தை உடைத்து, பொங்கல் பானைக்கு வைத்திருந்த தண்ணீரிலேயே கரைத்தார். மாமாவின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "பைய குடிங்க அண்ணாச்சி, ஒண்ணும் இல்ல, பைய" என்று மடக்கு மடக்காகக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மாமா கண்ணைத் திறந்து என் பெயரைச் சரியாகச் சொன்னார். நான் அந்த அம்மாவின் தோளில் சாய்ந்து தேம்பிவிட்டேன்.

அதோடு விடவில்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டில் கிடா வெட்டு. நாங்கள் சைவம் என்று தெரிந்ததும், கறிக்கு முந்தி வேறு பானையில் சோறு பொங்கி, பருப்புக் கடைந்து எங்களை உட்கார வைத்துப் பரிமாறினார்கள்.

என் வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தபோது மாமா இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டவர், வாங்கி வந்த வெல்லத்தை அப்படியே அந்த அம்மாவிடம் நீட்டினார். "உங்க பொங்கலுக்குக் குறைஞ்சிருமேம்மா."

அந்த அம்மா வாங்கவில்லை. "சாமிக்குக் குடுத்தத திருப்பி வாங்குவாவளா சார்?" என்று சொல்லிவிட்டு, முடிச்சில் மிச்சம் இருந்ததை மட்டும் போட்டுப் பொங்கல் வைத்தார். பானை பொங்கியதும் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் போட்ட குலவை இன்னும் காதில் இருக்கிறது. எங்களுக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார். இனிப்பு ரொம்பவே கம்மி. மாமா இலையை வழித்துச் சாப்பிட்டார்.

இப்போதும் வருடம் தவறாமல் காரையாருக்குப் போகிறோம். சாப்பாட்டு மூட்டைக்குக் காவல் என் வீட்டுக்காரர்தான். அதைவிட்டு அங்கே இங்கே நகருவதில்லை. பொங்கலுக்கு வெல்லம் உடைக்கும்போது ஒரு கட்டியைப் பானையில் போடாமல் தனியே எடுத்து வைப்பேன். பக்கத்துக் குடிலில் இருந்து யாராவது கத்தினால், படைத்து முடியட்டும் என்று நானும் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக.