தாம்பரத்தில் இரண்டு நிமிடம்

ஸ்டுட்கார்ட்டில் எந்த ரயிலில் வந்தீர்கள் என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். அதற்குப் பெயர் கிடையாதா என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். அவர் மூன்றாவது முறையாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு கை குலுக்கினார்.

எனக்கு ரயில் என்றால் சிறுமலை எக்ஸ்பிரஸ். எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் பகல் வண்டி. மகனிடம் இங்கே வருவதற்கு முன் பதினொரு வருடம் அதில் டிக்கெட் பரிசோதகராக இருந்தேன். வண்டலூர், பெருங்களத்தூர் வாசகர்களுக்கு அடுத்ததை விளக்க வேண்டியதில்லை. தாம்பரத்துக்கான ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் அந்தப் பக்கத்துக்காரர்கள் எழும்பூரிலிருந்து பதிவு செய்துவிட்டுத் தாம்பரத்தில் ஏறுவார்கள். ஏறும் நிலையத்தை முறைப்படி மாற்றிக்கொள்ள வழி உண்டு, மெனக்கெடுபவர்கள் குறைவு. எழும்பூரில் ஆள் வராவிட்டால், மாம்பலம் தாண்டியதும் இருக்கையைக் காத்திருப்போர் பட்டியலுக்குக் கொடுத்துவிடலாம். என் சகாக்கள் தாம்பரம் வரை கொடுக்க மாட்டார்கள். நான் கொடுத்துவிடுவேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒரு பகல். தாம்பரத்தில் நாற்பத்திரண்டாம் இருக்கைக்காரி ஏறினாள். பீர்க்கன்கரணையிலிருந்து வந்திருந்தாள். அவள் இடத்தில் ஒருவர் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். நடைமேடையில் நின்ற கணவன் விஷயத்தைச் சொன்னான்.

"இவங்க அப்பா மதுரை ஆஸ்பத்திரில இழுத்துகினு கீறாரு சார். பொண்ணு எங்கன்னு கேட்டுகினே கீறாராம். தாம்பரம் வரைக்கும் சீட்டை வெச்சிருப்பாங்களே சார், உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். சார்ட்டுக்குத் தெரியாது."

அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரிக்கவும் சிரித்தார்கள்.

"நின்னுகினே வரேன் சார்," என்றாள் அவள்.

ரிசர்வ் பெட்டியில் நிற்க அனுமதியில்லை, முன்பதிவில்லாப் பெட்டி முன்னால் இருக்கிறது, ஓடினால் பிடிக்கலாம் என்றேன். இடையில் ஒன்பது பெட்டிகள். தாம்பரத்தில் வண்டி நிற்பது இரண்டு நிமிடம், அதில் ஒன்றரையைப் பேசியே தீர்த்திருந்தோம். இது எனக்குத் தெரியாதா? தெரியும்.

அவள் இறங்கி ஓடினாள். வண்டி நகர்ந்தது. நான் வாசலில் நின்றபடி அவர்களைக் கடந்தேன். அவள் ஓடுவதை நிறுத்தியிருந்தாள். கணவன் மட்டும் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். "நீ நல்லா இருப்ப சார்."

நன்றாகத்தான் இருக்கிறேன். ஓய்வூதியம் தவறாமல் வருகிறது. அவள் அப்பாவைப் பார்த்தாளா என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நடைமுறை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

போன மாதம் மியூனிக்கிலிருந்து திரும்பும்போது தவறான ரயிலில் ஏறிவிட்டேன். அதுவும் ஸ்டுட்கார்ட் போவதுதான். ஆனால் என் டிக்கெட் வேறொரு ரயிலுக்கு மட்டும் செல்லும், ட்சூக்பிண்டுங் என்பார்கள். பரிசோதகர் பெண் அதைப் பார்த்துவிட்டு "ஆலஸ் கூட்" என்றாள். பரவாயில்லையாம். பரவாயில்லாமல் எப்படி? டிக்கெட் செல்லாது, என்னை அடுத்த நிலையத்தில் இறக்கிவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் வற்புறுத்தினேன். கிழவருக்குப் பதற்றம் என்று புரிந்துகொண்டு தண்ணீர் கொண்டுவந்தாள். தோளைத் தொட்டு ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் எழுந்துவிட்டேன். இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில், ஆளுக்கொரு பக்கம் ஆடும் இரும்புத் தகடுகளில் காலுக்கொன்றாக ஊன்றிக்கொண்டு, ஸ்டுட்கார்ட் வரை நின்றே வந்தேன்.